பறவைக்கு முகவரி தந்தவர்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? இரண்டு பக்கமும் கார் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை, கண்ணாடித் தொழிற்சாலை... ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களும், கன்டெய்னர் லாரிகளுமாக எந்நேரமும் ஒரே சந்தடி!

ஆனால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பியதும், அந்த லாரிகளை விட வெகு தூரத்திலிருந்து சில விருந்தாளிகள் வந்து சேருகின்றனர். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவி, கரையோரம் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் வாலாட்டி, சேற்றில் அலகை விட்டுத் துழாவும் உள்ளான்... இவற்றில் பல, இமயமலைப் பகுதியிலிருந்தும், அதற்கும் அப்பால் உள்ள சைபீரியாவிலிருந்தும் வருபவை.

அது சரி, அவை அங்கிருந்துதான் வருகின்றன என்று நமக்கு எப்படித் தெரியும்? பறவை என்ன பாஸ்போர்ட் காட்டிவிட்டா வருகிறது? போன வருடம் வந்த அதே வாலாட்டிதான் இந்த வருடமும் வந்திருக்கிறது என்று யார் சொல்வது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, நம் நாட்டில் பெரிய அளவில் வழி செய்தவர் சலீம் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என்று பெயர் எடுத்தவர்.

பம்பாயில் (இப்போது மும்பை) 1896ம் ஆண்டு நவம்பர் 12ம் தேதி பிறந்தார். வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். தாய்மாமா அமிருதீன் தயாப்ஜியும், மாமி ஹமீதா பேகமும்தான் அந்தப் பிள்ளைகளை வளர்த்தனர். மாமாவுக்கு வேட்டையில் ஆசை. மருமகனுக்கும் சிறுவர் விளையாடும் ஏர்கன் ஒன்று கிடைத்தது. சிட்டுக்குருவிகளைச் சுடுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு!

முகம் சுளிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அது குற்றமில்லை. இன்று சட்டப்படி குற்றம். அதனால் ஏர்கன், கவண் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

சலீமுக்குச் சுமார் பத்து வயது இருக்கும். ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியைக் கையில் எடுத்தவன் திகைத்துப் போனான். அதன் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு! இப்படி ஒரு குருவியை அவன் பார்த்ததே இல்லை. மாமாவிடம் ஓடினான். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால், அவர் அதட்டி அனுப்பிவிடவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் என்ற சங்கத்தில் அவர் உறுப்பினர். 1883ல் தொடங்கிய சங்கம் அது. அதன் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதி, பையனிடமே கொடுத்து அனுப்பினார்.

காகிதத்தில் சுற்றிய செத்த குருவியுடன் பயந்துகொண்டே போனான் சலீம். வெள்ளைக்காரர்கள் நாட்டை ஆண்ட காலம் ஆயிற்றே! மில்லார்டு சிரித்த முகத்துடன் குருவியை வாங்கிப் பார்த்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அத்தோடு விடவில்லை. அலமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். நூற்றுக்கணக்கான பறவைகள்! ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு. எந்த ஊரில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று அதில் எழுதியிருந்தது. படிக்கப் புத்தகங்களும் தந்தார். சலீமின் வாழ்க்கை அன்றே திசை மாறிவிட்டது.

அதற்காக, பையன் படிப்பில் புலி என்று நினைத்துவிடாதீர்கள். ஓயாத தலைவலியால் பள்ளிக்குப் போவதே பெரும்பாடு. 1913ல் தட்டுத் தடுமாறித்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் முதல் வருடமே கசந்தது. குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலைப் பார்க்கப் பர்மாவுக்குப் போனார். தொழிலைப் பார்த்ததை விட, அந்தக் காட்டில் பறவைகளைப் பார்த்ததுதான் அதிகம்! 1917ல் ஊர் திரும்பி, வணிகமும் விலங்கியலும் படித்தார். அடுத்த ஆண்டு தெஹ்மினாவை மணந்தார்.

பறவைகள் பற்றிய அரசு வேலை ஒன்றுக்கு முயன்றபோது, பட்டம் இல்லை என்று ஒதுக்கிவிட்டனர். பிறகு, 1926ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் அதுவும் சலித்துவிட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார். பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேரறிஞர், பட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் இவரைச் சேர்த்துக்கொண்டார்.

அங்கே இருந்தபோதுதான் ஹெல்கோலாந்து தீவுக்குப் போனார். வட கடலில் தனியாக நிற்கும் சின்னஞ்சிறு தீவு அது. கடலைத் தாண்டும் பறவைகள் களைத்துப்போய் அங்கே இறங்கும். அவற்றைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, பறக்க விட்டுக்கொண்டிருந்தனர் விஞ்ஞானிகள். அந்த வேலையைச் சலீம் அலியும் கற்றுக்கொண்டார்.

வளையம் மாட்டுவதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? டென்மார்க்கில் மார்டென்சன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1899ல் மைனா இனப் பறவைகள் சிலவற்றைப் பிடித்து, அலுமினிய வளையத்தில் எண்ணும் முகவரியும் பொறித்து, காலில் மாட்டிப் பறக்க விட்டார். எங்கோ ஓர் ஊரில் யாராவது அந்தப் பறவையைக் கண்டு, எண்ணைக் குறித்துக் கடிதம் போட்டால் போதும். அது எங்கிருந்து எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். இவ்வளவு எளிய யோசனைதான்! பறவைக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. இந்தியாவிலும் 1927ல் தார் சமஸ்தானத்தில் பறவைகளுக்கு வளையம் மாட்டத் தொடங்கினர். ஆனால், சிறிய அளவில்தான்.

1930ல் பெரிய ஆசைகளுடன் இந்தியா திரும்பினார் சலீம் அலி. வந்தால், அருங்காட்சியக வேலையே இல்லை! பணம் இல்லை என்று அந்தப் பதவியை எடுத்துவிட்டிருந்தனர். கையில் காசு இல்லாமல், பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். வீட்டருகே இருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு யாராவது என்றால் வேலை போன கவலையில் மூழ்கியிருப்பர். இவர் ஏணி போட்டு ஏறி, மறைவாக உட்கார்ந்து, மாதக் கணக்கில் குருவிகளைக் கவனித்தார்.

ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடும். பெண் குருவி வந்து ஆராய்ந்து, பிடித்தால்தான் குடியேறும். குடியேறிய பிறகே மீதிக் கூடு முடியும். அதற்குப் பிறகு ஆண் குருவி பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண் குருவியை அழைக்கும்! இதையெல்லாம் எழுதி வெளியிட்டதும் உலகம் இவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த வேலை போகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு சம்பளமில்லாமலே ஊர் ஊராகச் சுற்றினார். செலவுக்கு மட்டும் பணம் தந்தால் போதும், உங்கள் பகுதிப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று சமஸ்தானங்களிடம் கேட்டார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று மாட்டு வண்டியிலும் நடையிலும் பயணம். தெஹ்மினாவும் உடன் சென்றார். 1939ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்தபோது சலீம் அலி உடைந்துபோனார். அக்கா குடும்பம்தான் அவருக்கு அடைக்கலம் தந்தது. 1941ல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், வண்ணப் படங்களுடன் வீடுகளுக்குள் நுழைந்தது. நேரு கூட அதை விரும்பிப் படித்தவர்தான்.

மோட்டார் சைக்கிள் என்றால் இவருக்கு உயிர். 1950ல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குப் போனபோது, தன் சன்பீம் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பாவில் ஓட்டி மகிழ்ந்தார். அப்போது வயது 53! மோட்டார் சைக்கிள் தயாராகும் இன்றைய ஒரகடத்தைப் பார்த்திருந்தால், ஏரிக்கு முன் தொழிற்சாலைக்குள் நுழைந்திருப்பாரோ என்னவோ!

1957ல் மைசூர் மாநிலத்தின் (இப்போது கர்நாடகா) கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. அக்கம்பக்கத்துக் கிராமத்தினருக்கும் கடும் காய்ச்சல் கண்டது. பலர் இறந்தனர். உண்ணி கடிப்பதால் பரவும் புதிய வைரஸ் நோய் அது. ரஷ்யாவில் இருந்த ஒரு நோயின் வைரசுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்ததும், விஞ்ஞானிகளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள், உண்ணியோடு இந்த நோயையும் சுமந்து வருகின்றனவா?

பறவைகள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிட்டன! இல்லை என்று சொல்லவும் ஆதாரம் வேண்டும். ஆமாம் என்று சொல்லவும் ஆதாரம் வேண்டும். எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்ற சரியான கணக்கே அப்போது நம்மிடம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1959ல் பெரிய அளவில் வளையம் மாட்டும் பணியைத் தொடங்கினார் சலீம் அலி. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதைத் தாண்டி, அப்போது 62ஐ எட்டியிருந்தார்.

ராஜஸ்தானின் பரத்பூர், குஜராத்தின் கட்ச், நம் தமிழகத்தின் கோடியக்கரை என்று முகாம்கள் நடந்தன. கோடியக்கரைக்குச் சலீம் அலி பலமுறை வந்தார். வங்கக் கடலுக்குள் மூக்கை நீட்டும் அந்த முனையில், உப்பளத்திலும் சேற்றிலும் பூநாரைகளும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் கூடுவதைக் கண்டு, அந்த இடத்தின் அருமையை வெளியுலகுக்குச் சொன்னார். 1967ல் அது சரணாலயம் ஆனது.

முகாம் என்றால் கூடாரமும் சாப்பாடும் கொசுக்கடியும்தான்! கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலையை விடியும் முன் கட்டுவர். பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பறவை பிடிப்போரும் உதவிக்கு வந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். காயம் படாமல் பிடிக்கும் வித்தை அவர்களுக்கு அத்துப்படி. சிக்கிய பறவையை மெதுவாக எடுத்து, எடை பார்த்து, இறக்கையை அளந்து, இறகு உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, காலின் பருமனுக்கு ஏற்ற வளையத்தை இடுக்கியால் பொருத்தி, பறக்க விடுவர். நேரமானால் பறவை மிரண்டு செத்துவிடும் என்பதால் வேகம் முக்கியம். கழக உறுப்பினர்களும், பறவை ஆர்வலர்களும் தொண்டர்களாக வந்து குறிப்பு எழுதினர்.

இன்றும் பல நாடுகளில் இந்த வேலை தொண்டர்களை நம்பித்தான் நடக்கிறது. அமெரிக்காவில் ஹம்மிங்பேர்டு என்று ஒரு குட்டிப் பறவை உண்டு. நம் ஊர் தேன்சிட்டைப் போலப் பூவில் தேன் குடிக்கும். அதில் ஒரு வகையின் எடை மூன்று கிராம் சொச்சம்தான்; ஆனால், மெக்சிகோ வளைகுடாவையே கடக்கும்! அதன் ஊசிக் காலுக்கும் வளையம் மாட்ட, பயிற்சியும் அனுமதியும் பெற்ற தொண்டர்கள் அங்கே இருக்கின்றனர்.

வளையம் மாட்டியாகிவிட்டது. பிறகு? காத்திருக்க வேண்டியதுதான்! சிறிய பறவைகள் என்றால் நூற்றுக்கு ஒன்றின் வளையம் கூடத் திரும்பத் தகவல் தருவது அரிது. ஆனாலும் கடிதங்கள் வந்தன. இந்தியாவில் வளையம் மாட்டிய வாத்துகள் சோவியத் நாட்டில் கிடைத்தன. பறவைகள் வரும் வழி கொஞ்சம் கொஞ்சமாக வரைபடத்தில் தெளிந்தது. கியாசனூர் நோயைச் சைபீரியப் பறவைகள் கொண்டுவந்தன என்பதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை.

நிம்மதியாக இருக்க விட்டார்களா? இந்த ஆய்வுக்கு அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ ஆய்வுப் பிரிவும் பணம் தந்திருந்தது. பறவைகள் மூலம் கிருமிப் போர் நடத்த இது ஒத்திகையோ என்று 1970களில் கேள்விகள் கிளம்பின. சலீம் அலி அதைக் கடுமையாக மறுத்தார். கேள்வி கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்நிய ராணுவத்தின் பணம் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆனால், ஆயுளெல்லாம் பறவைக்காக உழைத்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1976ல் பத்ம விபூஷண் விருது வந்தது. அதே காலத்தில் கிடைத்த வெளிநாட்டுப் பரிசுப் பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்க அறிஞருடன் சேர்ந்து பத்துத் தொகுதிகளில் பறவைக் களஞ்சியம் எழுதினார். 1985ல் ராஜ்யசபா நியமன உறுப்பினரானார். அதே ஆண்டு வந்த தன் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு, அந்த மஞ்சள் தொண்டைக் குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்தார். 1987ல், 90வது வயதில் காலமானார். 1990ல் அவர் பெயரில் ஒரு பறவை ஆய்வு மையம் நம் கோவையில் தொடங்கப்பட்டது.

இப்போது செயற்கைக்கோள் கருவியைப் பறவையின் முதுகில் மாட்டி, அது போகும் வழியைக் கம்ப்யூட்டரில் பார்க்கின்றனர். ஆனால், அது விலை அதிகம். சின்னக் குருவிக்குச் சுமையும் அதிகம். அதனால் அலுமினிய வளையத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் வளையம் போட்ட பறவை கண்ணில் பட்டால், அதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். பைனாகுலர் இருந்தால் எண்ணைப் படியுங்கள். இறந்து கிடந்தால், தொடாமல் பெரியவர்களை அழைத்துக் காட்டுங்கள். எண், இடம், தேதி மூன்றையும் குறித்து, மும்பையில் உள்ள இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அதன் பெயர் வளையத்திலேயே பொறித்திருக்கும். செத்த குருவியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு சலீம் என்ற பையன் தயங்கித் தயங்கிப் போனானே, அதே சங்கம்தான்.