சமையலறையில் செய்த பலூன் இதயத்துக்குள் போனது எப்படி? யார் இந்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்?

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டில் கொஞ்ச நேரத்திலேயே மூன்று வார்த்தைகள் புழங்க ஆரம்பித்துவிடும். மாத்திரை, ஸ்டென்ட், பைபாஸ். இதில் நடுவில் இருக்கிறதே, அந்த வழி 1977 வரை உலகத்தில் இல்லவே இல்லை. இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் ஒன்று மாத்திரையோடு காலம் தள்ள வேண்டும், இல்லையென்றால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும்.

நெஞ்சைத் திறக்காமல், தொடையில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை கொண்டுபோய், அதன் முனையில் இருக்கும் பலூனை ஊதி அடைப்பைத் திறக்கலாம் என்று செய்துகாட்டியவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற ஜெர்மன் டாக்டர். ஆஞ்சியோபிளாஸ்டி என்று இன்று ஊர் ஊருக்கு நடக்கும் சிகிச்சையின் தொடக்கம் அதுதான். அதைக் கண்டுபிடித்த கையோடு, இது எல்லோருக்கும் ஏற்றது இல்லை என்று மற்றவர்களைப் பிடித்து நிறுத்தப் பார்த்தவரும் அவர்தான்.

போரில் அப்பாவை இழந்த பையன்

1939 ஜூன் 25-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார் குருன்ட்சிக். பிறந்த சில மாதங்களில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. பள்ளி ஆசிரியரான அப்பா போருக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. போர் முடிந்த பிறகு ஆண்ட்ரியாஸையும் அண்ணனையும் அம்மா வளர்த்தார். 1950-ல் குடும்பம் அர்ஜென்டினாவுக்கே கப்பலேறியது. அங்கே நிலைக்க முடியாமல், இரண்டு வருஷத்தில் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குத் திரும்பியது.

பள்ளிப் படிப்பை முடித்ததும் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார் குருன்ட்சிக். பெர்லின் சுவர் எழ இன்னும் மூன்று வருஷம் இருந்தது. தாமதித்திருந்தால் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டிருப்பார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1964-ல் டாக்டர் ஆனார். 1969-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் பார்த்தது இதயத்தை இல்லை, கால் ரத்தக்குழாய்களை.

அப்போ என்ன சிகிச்சை இருந்தது?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரி குழாய்கள் வெறும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். அதன் உள்சுவரில் கொழுப்பு படிந்து வழி சுருங்கினால், நடக்கும்போது, மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கும். படிவு திடீரென்று வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்துவிட்டால் மாரடைப்பு.

எங்கே அடைப்பு என்று கண்ணால் பார்க்க வழி செய்தவர், அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் இருந்த மேசன் சோன்ஸ். 1958-ல் கொரோனரி குழாய்க்குள் தற்செயலாகச் சாய மருந்து போய்விட, நோயாளிக்கு என்ன ஆகுமோ என்று பதறிப்போனார். நோயாளி பிழைத்தார், ஆஞ்சியோகிராம் பிறந்தது. அதே மருத்துவமனையில் 1967-ல் ரெனே ஃபாவலோரோ என்ற அர்ஜென்டினா சர்ஜன், காலில் இருந்து ஒரு நாளத்தை எடுத்து அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை போட்டார். அதுதான் பைபாஸ்.

பைபாஸ் நல்ல சிகிச்சைதான். ஆனா நெஞ்செலும்பை அறுக்கணும், இதயத்தை நிறுத்தி வெச்சு வேலை பார்க்கணும், தேறி எழ மாதக்கணக்காகும். ஒரே ஒரு இடத்தில் சின்ன அடைப்பு இருப்பவருக்கும் இதே ஆபரேஷன்தான்.

இன்னொரு பக்கம், சார்லஸ் டாட்டர் என்ற அமெரிக்க டாக்டர் 1964-ல் வேறொன்றைச் செய்திருந்தார். கால் விரல் அழுகிப்போயும் காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் அடைபட்ட குழாய்க்குள், ஒன்றைவிட ஒன்று தடிமனான குழாய்களை வரிசையாகச் செலுத்தி வழியைப் பெரிதாக்கினார். கால் தப்பியது. ஆனால் அமெரிக்காவில் அவரைக் கிறுக்கர் என்றார்கள். படம் மட்டும் எடுங்கள், கை வைக்க வேண்டாம் என்று சீட்டு எழுதி அனுப்பிய சர்ஜன்களும் உண்டு. ஐரோப்பாவில்தான் அவர் முறைக்கு ஆள் கிடைத்தது. ஜெர்மனியில் அதைச் செய்துவந்த ஏபர்ஹார்ட் சைட்லரிடம் போய்க் கற்றுக்கொண்டவர்களில் குருன்ட்சிக்கும் ஒருவர்.

சமையலறைதான் லேப்

டாட்டர் முறையில் ஒரு சிக்கல். உள்ளே போகும் குழாய் எவ்வளவு தடிமனோ, அதே அளவு துளையை வெளியிலும் போட்டாக வேண்டும். மெல்லிசாக உள்ளே போய், அடைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் விரிகிற மாதிரி ஏதாவது இருந்தால்?

பலூன் என்ற யோசனை கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். சாதாரண ரப்பர் பலூனை அடைப்புக்குள் வைத்து ஊதினால், அழுத்தம் குறைவாக இருக்கும் இரண்டு ஓரங்களிலும் உப்பிக்கொள்ளும். கெட்டியான நடுப்பகுதி அப்படியே இருக்கும். இன்னும் ஊதினால் நல்ல குழாய் கிழியும். குறிப்பிட்ட அகலம் வரை விரிந்து, அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் விரியாத பலூன் வேண்டும்.

மருத்துவமனையில் இதற்கென்று தனி இடமோ பெரிய நிதியோ இல்லை. குருன்ட்சிக்கின் வீட்டுச் சமையலறை மேஜைதான் பட்டறை. வேலை முடிந்து மாலையில் அவர், மனைவி மிக்கேலா, உதவியாளர் மரியா ஷ்லும்ஃப், மரியாவின் கணவர் வால்டர் என்று நாலு பேர் உட்கார்ந்து வெட்டுவது, ஒட்டுவது, சூடாக்கி இழுப்பது. நூற்றுக்கணக்கில் வீணாய்ப் போயின. எந்தப் பொருளில் செய்வது என்ற கேள்விக்கு விடை, சூரிச்சில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஹைன்ரிஷ் ஹோப்ஃபிடம் கிடைத்தது. தண்ணீர்க் குழாயாக நமக்கெல்லாம் தெரிந்த அதே பி.வி.சி.

1974 பிப்ரவரியில் அந்த பலூன் முதன்முதலாக ஒரு நோயாளியின் கால் ரத்தக்குழாய்க்குள் போனது. அடைப்பு திறந்தது. அடுத்த வருஷமே இரட்டைப் பாதை உள்ள குழாயைச் செய்தார். ஒரு பாதையில் பலூனை ஊதலாம், இன்னொன்றின் வழியாக அழுத்தத்தை அளக்கலாம், சாய மருந்து செலுத்தலாம். பிறகு அதையே இன்னும் சிறிதாக்கி, நாய்களின் இதயக் குழாயில் சோதித்தார்.

1976-ல் மயாமியில் நடந்த அமெரிக்க இதய சங்க மாநாட்டில் அந்தச் சோதனை முடிவுகளை ஒரு போஸ்டராக ஒட்டிவிட்டு நின்றார். வந்து பார்த்தவர்களில் பெரும்பாலானோர் நம்பவில்லை. துடிக்கிற இதயத்தின் குழாயை ஊதி அடைத்தால் அந்த நேரத்திலேயே மாரடைப்பு வராதா? உடைந்த துணுக்குகள் கீழே போய் அடைக்காதா? நியாயமான கேள்விகள்தான். நம்பியவர்களில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் ரிச்சர்ட் மைலர். 1977 மே மாதம் இருவரும் சேர்ந்து, பைபாஸுக்காக நெஞ்சு திறந்திருந்த நோயாளிகளுக்கு, ஆபரேஷனின் நடுவிலேயே பலூனைச் சோதித்தார்கள். பயந்த மாதிரி துணுக்குகள் கீழே வரவில்லை.

1977 செப்டம்பர் 16

முதல் நோயாளியைத் தேர்ந்தெடுத்ததில்தான் குருன்ட்சிக்கின் குணம் தெரிகிறது. கடுமையான நோயாளிக்குக் கடைசி முயற்சியாகச் செய்யலாம் என்ற யோசனையில் அவருக்கு உடன்பாடு இல்லை. ஒரே ஒரு குழாயில், ஆரம்பத்திலேயே, சின்னதாக ஓர் அடைப்பு இருப்பவருக்காகக் காத்திருந்தார். வந்தவர் 38 வயது இன்சூரன்ஸ் விற்பனையாளர். கடும் நெஞ்சுவலி. இதயத்தின் முன்பக்கக் குழாயில் ஒரே அடைப்பு. பைபாஸ் வேண்டாம் என்ற எண்ணத்தில் இருந்தவர், உலகத்திலேயே முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லப்பட்டும் சம்மதித்தார்.

இந்த இடத்தில் ஆகே சென்னிங் பற்றிச் சொல்லியே ஆகணும். சூரிச்சின் தலைமை இதய சர்ஜன், 1958-லேயே மனித உடலுக்குள் முதல் பேஸ்மேக்கரைப் பொருத்தியவர். பலூன் ஜெயித்தால் தன் ஆபரேஷன்களின் எண்ணிக்கை குறையும் என்பது அவருக்குத் தெரியாததா? இருந்தும் குருன்ட்சிக்குக்குத் துணை நின்றார். ஏதாவது தவறினால் உடனே நெஞ்சைத் திறக்க அவருடைய குழு தயாராக இருந்தது.

நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. தொடை வழியாகக் குழாய் போனது. பலூனை ஊதினார். நெஞ்சுவலி வரவில்லை, ஈ.சி.ஜி.யிலும் பயந்த மாற்றம் இல்லை. இரண்டாவது முறையும் ஊதினார். அடைப்புக்குக் கீழே ரத்த அழுத்தம் ஏறியது. தயாராக நின்ற சர்ஜன்களுக்கு வேலையே வரவில்லை. பத்து வருஷம் கழித்து அந்த நோயாளிக்கு மறுபடி ஆஞ்சியோகிராம் எடுத்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் மறுபடி மயாமி மாநாடு. முதல் நான்கு நோயாளிகளின் படங்களைக் காட்டினார். பேச்சு முடியும் முன்பே அரங்கம் கைதட்டியது. ஆஞ்சியோகிராமைத் தந்த மேசன் சோன்ஸ் கண்கலங்கி நின்றதை அருகில் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஜெயித்த பிறகும் ஏன் தயங்கினார்?

1979-ல் தன் முதல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார் குருன்ட்சிக். வெற்றி 32 பேருக்கு. 5 பேருக்கு அவசர பைபாஸ் தேவைப்பட்டது. இப்படி ஒரு கணக்கை மூடி மறைக்க நினைத்திருந்தால் முடிந்திருக்கும். அவர் செய்தது நேர் எதிர். நல்லதோ கெட்டதோ, எங்கே யாருக்குச் செய்தாலும் எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார். அதே ஆண்டு அமெரிக்க அரசின் இதய ஆய்வு நிறுவனம் அந்தப் பதிவேட்டைத் தொடங்கியது.

மற்ற டாக்டர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த விதமும் அப்படித்தான். 1978-ல் இருந்தே, உள்ளே சிகிச்சை நடக்க நடக்க, வெளியே அரங்கில் டி.வி. திரையில் அதை நேரடியாகக் காட்டினார். சரியாக வராத கேஸும் எல்லோர் கண் முன்னால்தான் நடக்கும்.

பெரிய பிரச்சினை வேறு. திறந்த குழாய் மறுபடி சுருங்கியது. பத்துப் பேரில் சுமார் மூன்று பேருக்கு, ஆறு மாதத்துக்குள். பலூன் கொழுப்பை அழுத்தி ஒட்டவைக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். உண்மையில் அது குழாய்ச் சுவரையே விரித்து, லேசாக விரிசல் விட வைக்கிறது. சுவர் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், காயம் ஆறும்போது தழும்பும் வளரும். விளைவு, மறுபடி அடைப்பு.

சூரிச்சில் படுக்கையும் லேப் நேரமும் போதாமல் திணறியவர், 1980-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமோரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். புகழ், பணம், சொந்த விமானம் எல்லாம் வந்தது. முதல் திருமணம் முறிந்தது. துணிச்சல் மட்டும் குறையவில்லை. சக டாக்டரிடம் தன் இதயத்துக்கே ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்லிவிட்டு, அன்று இரவே கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போனார் என்று அவருடன் இருந்தவர்கள் சொல்வதுண்டு. உலகம் முழுவதிலும் இருந்து அவரிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்று அழைக்கப்படும் சென்னை டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் அவரிடம் பயிற்சி பெற்றவர்.

எமோரியில் அவர் தீட்டிய முக்கியமான திட்டம் ஒன்று உண்டு. பல அடைப்புகள் உள்ள நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு பலூன், மறு பாதிக்கு பைபாஸ் செய்து எது மேல் என்று பார்ப்பது. தன் கண்டுபிடிப்பு தோற்றாலும் தோற்கலாம் என்று தெரிந்தே போட்ட திட்டம்.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1985 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஜார்ஜியா கடற்கரையில் இருந்து அட்லாண்டாவுக்கு மோசமான வானிலையில் தானே விமானம் ஓட்டி வந்தார். வழியில் ஃபோர்சித் என்ற ஊருக்கு அருகே விமானம் விழுந்தது. உடன் இருந்த இரண்டாவது மனைவி மார்கரெட்டும் இறந்துபோனார். குருன்ட்சிக்குக்கு வயது 46. டாட்டரும் சோன்ஸும் அதே 1985-ல்தான் காலமானார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?

அடுத்த ஆண்டே, பலூன் திறந்த வழி மூடாமல் இருக்க உள்ளே ஒரு உலோக வலைக்குழாயை விட்டுவரும் முறை பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் தொடங்கியது. அதுதான் ஸ்டென்ட். தழும்பு வளராமல் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்ட்கள் 2000-களின் தொடக்கத்தில் வந்தன.

எமோரி ஒப்பீட்டை சக டாக்டர் ஸ்பென்சர் கிங்கின் குழு நடத்தி முடித்து, 1994-ல் முடிவை வெளியிட்டது. மூன்று வருஷக் கணக்கில் மரணம், பெரிய மாரடைப்பு ஆகியவற்றில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது பலூன் குழுவில்தான் பல மடங்கு அதிகம்.

அவர் கேட்ட கேள்வியை அதற்குப் பிறகும் மருத்துவ உலகம் விடவில்லை. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அடைபட்ட குழாயை உடனே திறப்பது உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் சந்தேகம் இல்லை. நடந்தால் வலி, நின்றால் போகிறது என்று நிலையாக இருப்பவர்கள் கதை வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட்டும் வைப்பதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை என்று 2007-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. 2020-ல் வெளியான இன்னொன்றும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. வலி குறைகிறது, அன்றாட வாழ்க்கை சுலபமாகிறது என்பது உண்மை. இடது பிரதான குழாயில் முக்கிய அடைப்பு இருப்பவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு என்றால், ஸ்டென்ட்டைவிட பைபாஸ் செய்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று 2012-ல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் சிக்கலான அடைப்புகளில் இதய மருத்துவரும் சர்ஜனும் ஒன்றாக உட்கார்ந்து ஆஞ்சியோகிராமைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று இன்றைய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.