மருத்துவ மேதை சுப்பாராவ்

தீப்பெட்டியின் பக்கத்தே கருஞ்செந்நிறப் பட்டை ஒன்று உண்டு. அதில் கலந்துள்ள பொருள்களுள் தலையாயது பாஸ்பரஸ். சிவகாசியிலும் அதனை அடுத்த விஸ்வநத்தம் முதலிய ஊர்களிலும் வாழும் மாணவர்க்கு அப்பொருள் புதியதன்று. தீயைப் பிறப்பிக்க உதவும் அதே பாஸ்பரஸ், வேறு வடிவில் நம் எலும்பிலும் குருதியிலும் தசையிலும் கலந்து நின்று உயிர்வாழ்வுக்குத் துணைபுரிகின்றது. அதனை அளந்தறியும் எளிய முறையை உலகுக்கு வழங்கிய இருவருள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் ஆவார்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. இளமையில் அவருக்குக் கல்வியில் நாட்டம் செல்லவில்லை. பொருள் தேட எண்ணி வீட்டை விட்டுக் காசிக்குப் புறப்பட்டார். வழியிலேயே மீட்டு வரப்பட்டார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். அன்னை வெங்கம்மாள் தளர்ந்தாரல்லர். தம் அணிகலனை விற்று மைந்தனைப் படிக்க வைத்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை அவர் தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அது நாட்டு விடுதலை வேட்கை எங்கும் பரவிய காலம். சுப்பாராவ் கதராடை உடுத்தே கல்லூரிக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் அதனால் சினங்கொண்டார். உயர்ந்த எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

இதற்கிடையே பெருந்துயர் ஒன்று அவரைத் தாக்கியது. உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் கொடிய குடல்நோய்க்கு இரையாயினர். அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் இலட்சுமிபதியின் மருந்தால் அவர் பிழைத்தார். கற்ற மருத்துவம் உடன்பிறந்தாரைக் காக்கவில்லையே என்ற ஏக்கம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நண்பரும் உறவினரும் அளித்த பொருளுதவியுடன் அவர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம் சேர்ந்தார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரவில் மருத்துவமனையில் ஏவலாளாக உழைத்துப் பொருள் ஈட்டினார். 1925-ஆம் ஆண்டு, சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டார். குருதியினின்று பிரித்தெடுத்த நீரில் சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் நிறம் அடர்ந்து காணும்; குறைந்தால் வெளிறிக் காணும். அந்நிறத்தை, அளவு தெரிந்த வேறொரு நீரின் நிறத்தோடு ஒப்பிட்டு அளவைக் கணிப்பர்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நம் கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பியின் பின்புறம் பாராதைராய்டு எனப்படும் சிறு சுரப்பிகள் பெரும்பாலும் நான்கு உள்ளன. அவை அளவிறந்து சுரந்தால், எலும்பிலுள்ள சுண்ணச் சத்து கரைந்து குருதியில் மிகும். குருதியிலுள்ள பாஸ்பரஸ் குறையும். எலும்பு நலியும், சிறுநீரகத்தில் கல் உண்டாகும், சிலருக்கு நினைவும் மங்கும். முதுமையில் மூளையின் உயிரணுக்களை அழித்து மறதியை விளைக்கும் ஆல்சைமர் நோயோ என்று ஐயுறவும் நேரும். ஆல்சைமர் நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை. சுரப்பியால் நேர்ந்த குறையோ சிகிச்சையால் தணியக்கூடும். ஆதலின், குருதியை அளந்து உண்மைக் காரணத்தைத் தெளிதல் இன்றியமையாதது.

தம் முறையைத் துணையாகக் கொண்டு அவ்விருவரும் தசையை ஆராய்ந்தனர். 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். 1929-இல், உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டறிந்தனர். அதே ஆண்டில் செர்மனியில் லோமன் என்பாரும் அதனைக் கண்டார். இத்துணைச் சிறப்பிருந்தும், ஹார்வர்டில் நிலையான பேராசிரியப் பதவி சுப்பாராவுக்கு வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லே ஆய்வகத்திற் சேர்ந்தார்.

அங்கேதான் அவருடைய நெடுநாள் ஏக்கத்துக்கு விடை கிடைத்தது. 1945-இல் அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அது ஸ்ப்ரூ நோயாளருக்கு நன்மருந்தாயிற்று. உடன்பிறந்தாருக்கு உதவாமற் போன மருந்து, ஊர் பேர் அறியாத பல்லோரைக் காத்தது! 1947-இல் யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் வெளிப்பட்டது. டைஎதில்கார்பமசின் என்னும் பெயரால் அது இன்றும் நம் நாட்டில் வழங்கப்படுகின்றது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினாப்டரின் என்னும் மருந்தைக் கொடுத்து, அந்நோய் சில காலம் தணியக்கூடும் என்பதைச் சிட்னி பார்பர் காட்டினார். அம்மருந்தும் சுப்பாராவின் ஆய்வகத்தில் உருவானதே.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 53-ஆம் வயதில், அயல்நாட்டிலேயே அவர் உயிர் நீத்தார். பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவில்லை. கடல் கடந்த பின் மனைவியையும் காணவில்லை. தம் கண்டுபிடிப்புகளைப் பறைசாற்றிக் கொள்ளாத இயல்பினராதலின், அவர் புகழ் மெல்லவே பரவியது. 1995-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டுப் பெருமை செய்தது.

தேர்வில் இருமுறை தோற்ற அந்த இளைஞர் தோல்வியை முடிவென்று கருதவில்லை. தமக்கு நேர்ந்த துன்பம் பிறர்க்கு நேராதவாறு காப்பதே அறிவின் பயன் எனக் கொண்டார். அவர் வாழ்வினின்று மாணவர் அறிந்து போற்றத் தக்கது இதுவேயாகும்.