சீட்டுக்கட்டு ஆலையில் ஒரு பொம்மைக்காரர்

நம்மில் பலருடைய வீட்டுப் பரணில் ஒரு பழைய டி.வி. கேம் பெட்டி தூசி படிந்து கிடக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. என் தாய்மாமன் சிறுவராயிருந்தபோது அடம்பிடித்து வாங்கியது. அதன் கைப்பிடியை எடுத்துப் பாருங்கள். இடது கட்டைவிரல் படியும் இடத்தில் கூட்டல் குறி போன்ற ஒரு பொத்தான் இருக்கும். மேலே அழுத்தினால் மேலே, கீழே அழுத்தினால் கீழே. பெட்டியோ ஜப்பானியக் கருவி ஒன்றின் நகல். அதைச் செய்தவர் பெயர் அட்டையில்கூட இல்லை. ஆனால் அந்தக் கூட்டல் குறிக்கு ஒரு தகப்பன் உண்டு. அவர் பெயர் குன்பெய் யோக்கோய்.

பழைய ஜப்பானிய வீடியோ விளையாட்டுக் கருவிகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். நம்மில் சிலர் தபால் தலையும் நாணயமும் சேர்ப்பதுபோல அவர்கள் கருவிகளையும் கேசட்டுகளையும் சேர்க்கிறார்கள். தோக்கியோவின் அகிஹாபராவிலும் ஒசாகாவின் டென் டென் டவுனிலும் இதற்கென்றே கடைகள் உள்ளன. அத்தகைய ஒருவரின் அலமாரியைத் திறந்தால், சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கருவி முதல் முகத்தை நுழைத்துப் பார்க்கும் சிவப்புப் பெட்டி வரை, துப்பாக்கி விளையாட்டு முதல் மாத்திரை அடுக்கும் புதிர் வரை, தட்டுக்குத் தட்டு யோக்கோயின் கை தெரியும். இத்தனைக்கும் அவர் வேலைக்குச் சேர்ந்தது விளையாட்டுச் செய்வதற்காக அல்ல. இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுவதற்காக.

1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் கியோத்தோவில் பிறந்தார் யோக்கோய். அதே நகரிலுள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தார். படிப்பில் அவர் முதல்வரிசை மாணவர் அல்லர். பெரிய மின்சாதன நிறுவனங்களின் வாயில்கள் அவருக்குத் திறக்கவில்லை. வீட்டுக்கு அருகிலேயே இருந்த நின்டெண்டோ என்ற கம்பெனியில் 1965-இல் சேர்ந்தார். இன்றைய நின்டெண்டோவை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கக்கூடாது. 1889-இல் தொடங்கிய அந்நிறுவனம் அந்நாளில் சீட்டுக்கட்டு செய்து பிழைத்து வந்தது. ஹனபுதா என்பது ஜப்பானியரின் பூச்சீட்டு. மாதத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்களுக்கு 48 சீட்டுகள். அவற்றை அச்சிட்டு வெட்டும் இயந்திரங்களைப் பழுதின்றி வைத்திருப்பதே யோக்கோயின் உத்தியோகம்.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. என் தந்தை ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் பிட்டராக இருக்கிறார். இயந்திரம் ஓடும்வரை பிட்டருக்கு மரியாதை இல்லை, நின்றால்தான் அவர் பெயர் எல்லார் வாயிலும் வரும் என்பதை நான் சிறு வயதிலிருந்தே கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள் நான். பொறியியல் கிடைக்கவில்லை, இயற்பியல் கிடைத்தது. இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்காத உறவினர் இல்லை. ஆகவே யோக்கோயின் வாழ்வில் 1965-ஆம் ஆண்டைத் தாண்டி உடனே போக எனக்கு மனம் வருவதில்லை.

ஓடுகின்ற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நேரம் நிறைய. யோக்கோய் அந்த நேரத்தில், ஆலையிலிருந்த கருவிகளைக் கொண்டே, பொழுதுபோக்காக ஒரு பொம்மை செய்தார். கத்தரிக்கோல்களைக் கோத்ததுபோல் குறுக்குச் சட்டங்கள். பிடியை அமுக்கினால் நீண்டு போய் எதிரே உள்ள பொருளைக் கவ்வும். ஒருநாள் நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாடியதற்காகச் சீட்டுக் கிழியும் என்றே யோக்கோய் எண்ணியிருக்க வேண்டும். தலைவரோ அதை விற்பனைச் சரக்காக்கும்படி கட்டளையிட்டார். 1966-இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்த அப்பொம்மை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. எண்ணெய்க்கையோடு இருந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்து வந்தவை ஒவ்வொன்றும் ஓர் இயற்பியல் பாடம் என்றே சொல்லலாம். 1969-இல் வந்த லவ் டெஸ்ட்டரைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் ஒரு கையில் ஆளுக்கொரு மின்வாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒருவரையொருவர் பற்ற வேண்டும். உடல்கள் வழியே சிறு மின்னோட்டம் பாயும்; முள் நகரும்; அதுதான் காதலின் அளவாம்! நம் ஆய்வுக்கூடத்துக் கால்வனாமீட்டருக்கும் அதற்கும் அதிக வேற்றுமையில்லை. உள்ளங்கை வியர்த்தால் மின்தடை குறையும், காதல் கூடும்; அவ்வளவுதான் சூட்சுமம். பெண்களின் கையைத் தொட ஒரு சாக்கு வேண்டியே அதைச் செய்ததாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஒளித்துப்பாக்கிப் பொம்மைகளில் குண்டு இல்லை. விசையை இழுத்தால் ஒரு கணம் ஒளி பாயும். இலக்கிலுள்ள சூரிய மின்கலம் அதை உணரும். அந்த மின்கலங்களை விற்க வந்த மசயுக்கி உவெமுரா பின்னர் நின்டெண்டோவிலேயே சேர்ந்தார். இதே தத்துவத்தைப் பெரிதாக்கி, ஆள் வராத பந்துருட்டு அரங்குகளைத் துப்பாக்கி சுடும் கூடங்களாக மாற்றினார்கள். 1973-இல் அது தொடங்கியது. அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. கேட்டிருந்தவர்கள் பின்வாங்க, நிறுவனம் பெருங்கடனில் மூழ்கியது.

யோக்கோயின் போக்கை உணர்த்த நான் தேர்ந்தெடுப்பது இவற்றையல்ல. 1972-இல் வந்த லெஃப்டி என்ற சிறு காரை. வானொலி அலையால் இயக்கும் பொம்மைக் கார்கள் அப்போது சாமானியர் வாங்கும் விலையில் இல்லை. பல திசைகளில் திருப்புவதற்குப் பல அலைவழிகள் தேவைப்பட்டதே காரணம். யோக்கோய் ஒரே வழியை வைத்தார். கார் நேரே ஓடும். இடப்புறம் மட்டும் திரும்பும். வட்டப்பாதையில் பந்தயம் விட இடப்புறம் போதாதா? புத்தம்புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், எல்லாரும் பயன்படுத்திப் பயன்படுத்தி மலிந்துபோனதை எடுத்து, எவரும் நினையாத இடத்தில் வைப்பது: இதுவே அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட வழி. வாடிய பொருளைக் கொண்டு சமைப்பது என்று அவர் கருத்தை நம் வழக்கில் சொல்லலாம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் மின்னணுக் கால்குலேட்டர் சந்தையில் ஜப்பானிய நிறுவனங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு விலையைத் தரைமட்டமாக்கியிருந்தன. திரவப் படிகத் திரையும் சிறு சில்லும் மலிவாயின. ஒருநாள் ஷின்கான்சென் அதிவேக ரயிலில், அலுத்துப்போன ஓர் அலுவலர் கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே தட்டிப் பொழுது போக்குவதை யோக்கோய் கண்டார். பெரியவர்கள் பிறர் அறியாமல் கைக்குள் வைத்து விளையாட ஒரு கருவி செய்தால் என்ன என்று தோன்றியது. அதைத் தலைவரிடம் சொல்லச் சந்தர்ப்பம் வாய்த்த விதம் வேடிக்கையானது. யமவுச்சியின் கார் இடப்பக்கம் ஸ்டியரிங் கொண்ட அமெரிக்கக் கார். ஓட்டுநர் உடல்நலமின்றி வராத ஒருநாள், அத்தகைய காரை ஓட்டிப் பழகிய யோக்கோயை அழைத்தார்கள். வழியில் பேச்சுவாக்கில் தம் யோசனையைச் சொன்னார். போன இடத்தில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவர், கால்குலேட்டர் செய்யும் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர்! சில நாட்களில் ஷார்ப்பின் ஆட்கள் வந்து நின்றார்கள்.

1980 ஏப்ரலில் கேம் அண்ட் வாட்ச் வரிசையின் முதல் கருவி 5,800 யென் விலையில் வெளிவந்தது. அதன் திரையில் உருவங்கள் நகர்வதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வோர் உருவம் கண்ணாடியில் முன்பே அமைக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் தந்தால் அது மட்டும் இருண்டு தெரியும். ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவதை ஓட்டமென்று நம் கண் எடுத்துக்கொள்கிறது. பொம்மைகளோடு ஒரு கடிகாரமும் உண்டு. பதினோராண்டுகளில் சுமார் 60 வகைகள், மொத்தம் 4 கோடியே 34 லட்சம் கருவிகள் விற்றன. இன்றைய சேகரிப்பாளர்களுக்கு இவை கண்ணான கண்மணிகள். பொத்தான் மின்கலம் கசிந்து பச்சை பிடித்த கருவியை நுனிப்பஞ்சால் துடைத்து, பழுத்துப்போன துருவப் படலத்தைப் புதிதாக ஒட்டி, மீண்டும் அந்த உருவங்கள் தோன்றும்வரை அவர்கள் ஓய்வதில்லை.

1982-இல் இவ்வரிசையில் டாங்கி காங் வந்தது. மூல விளையாட்டு அதற்கு முந்தைய ஆண்டு, ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞர் யோக்கோயின் மேற்பார்வையில் உருவாக்கியது. நாற்புறமும் நகரும் ஆட்டமாதலால் திசைக்கோல் வேண்டும். ஆனால் இரு திரைகளாக மடியும் கருவியில் துருத்தி நிற்கும் கோலுக்கு இடமேது? அப்போது பிறந்ததுதான் அந்தக் கூட்டல் குறிப் பொத்தான். பார்க்காமலே விரலுக்குத் திசை தெரியும். இருக்கும் இடமும் கொஞ்சம். மறு ஆண்டு உவெமுரா வடிவமைத்த ஃபேமிகாம் கருவியில் அது ஏறியது. அதன்பின் வேறு நிறுவனங்களின் கருவிகளிலும் ஏதோ ஒரு வடிவில் புகுந்துவிட்டது.

யோக்கோய் தலைமையில் இருந்த முதல் ஆராய்ச்சிப் பிரிவு 1986-இல் தந்த மெட்ராய்ட் விளையாட்டில், கவசமணிந்து போராடும் வீரர் ஒரு பெண் என்பது முடிவில்தான் தெரியவரும். அந்நாளில் அது பெரும் வியப்பு.

1989 ஏப்ரல் 21. கேம் பாய் பிறந்த நாள். விலை 12,500 யென், நான்கு பென்டார்ச் செல், வண்ணம் இல்லை. வட்டங்கள் இரண்டைக் கரும்பலகையில் வரைந்தாலும் பனிமனிதனை மனம் வெண்மையாகவே காணும், வண்ணம் எதற்கு என்பது யோக்கோயின் வாதம். இக்கருவியில் அவருடைய உதவியாளர் சத்தோரு ஒக்காடாவின் பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. கேசட் மாற்றி ஆடும் முழுமையான கருவியாக அது வளர அவரே வாதாடினார். வேலை முடியும் தறுவாயில், சற்றுச் சாய்த்துப் பார்த்தால் திரை தெரியவில்லை என்று தலைவர் கையை விரித்துவிட்டார். யோக்கோய்க்கு ஊணும் உறக்கமும் போயின. வேறு வகைத் திரவப் படிகத்துக்கு மாறிய பிறகே அவருக்கு மூச்சு வந்தது. லிங்க்ஸ், கேம் கியர் போன்ற போட்டிக் கருவிகள் வண்ணத்தோடு வந்தன. ஆறு செல்களைச் சில மணி நேரத்தில் விழுங்கின. கேம் பாயோ டெட்ரிஸ் கேசட்டோடு பள்ளிப்பையிலும் ரயிலிலும் நுழைந்தது. பின்னாளில் வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து விற்றவை 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல்.

பிறகு சறுக்கல். 1995 ஜூலையில் வந்த வர்ச்சுவல் பாய், கண்களை நுழைத்து ஆழத்தோடு பார்க்கும் கருவி. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு ஒளி உமிழ் டையோடுகள் ஒரே நிரலில். எதிரே வேகமாக அதிரும் ஆடி. பார்வை நீடிப்பினால் அந்த ஒற்றை நிரல் முழுப் படமாக விரியும். எவ்வளவு அழகான அமைப்பு! ஆனால் தூக்கிச் செல்ல முடியவில்லை, எல்லாம் சிவப்பு, கண் வலித்தது. 22 விளையாட்டுகளோடு ஓராண்டுக்குள் கதை முடிந்தது. அன்று வாங்க ஆளில்லாத கேசட்டுகள் சிலவற்றுக்கு இன்று சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். மலிந்ததைத் தேடியவர் இம்முறை புதுமையின் பின்னே போனார் என்றே எனக்குப் படுகிறது.

1996 ஆகஸ்டில், முப்பத்தொரு ஆண்டுப் பணிக்குப் பின், யோக்கோய் விலகினார். தோல்விக்குப் பொறுப்பேற்று வெளியேறினார் என்று பலர் எழுதினார்கள். ஐம்பதைத் தாண்டியதும் தனித்தொழில் செய்வது தம் பழைய எண்ணம் என்று அவர் விளக்கினார். போகுமுன் மெலிந்த வடிவில் கேம் பாய் பாக்கெட்டைத் தந்துவிட்டே போனார். கியோத்தோவிலேயே கோட்டோ என்ற சிறு நிறுவனம் தொடங்கி, பந்தாய் நிறுவனத்துக்காக ஒண்டர்ஸ்வான் என்ற கைக்கருவியில் ஈடுபட்டார். ஒரே ஒரு பென்டார்ச் செல்லில் ஓடுவது. நெட்டையாகவும் கிடையாகவும் பிடித்து ஆடலாம். விலை 4,800 யென்.

அது கடைக்கு வந்ததை அவர் காணவில்லை. 1997 அக்டோபர் 4-ஆம் நாள் இஷிக்காவா மாநிலத்தில் ஹொக்குரிக்கு நெடுஞ்சாலையில் அவர் பயணம் செய்த கார் முன்சென்ற லாரியில் மோதியது. சிறு மோதல்தான். என்னவென்று பார்க்க இறங்கியவர்மீது பின்னால் வந்த மற்றொரு வாகனம் மோதிவிட்டது. வயது 56. ஒண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில் வெளியாயிற்று. அதனுடன் வந்த புதிர் விளையாட்டுக்கு அவர் பெயரையே ஒட்டிக் குன்பே என்று பெயரிட்டார்கள்.

2024 அக்டோபரில், கியோத்தோவை அடுத்த உஜியில், நின்டெண்டோவின் பழைய ஆலைக் கட்டடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் சீட்டுக்கட்டு செய்த இடம் அது. லவ் டெஸ்ட்டரைப் பெரிதாக்கி அங்கே கைகோத்து ஆடுகிறார்களாம்.

சென்ற பொங்கல் விடுமுறையில் பரணிலிருந்த பெட்டியை இறக்கினேன். கைப்பிடியின் திருகுகளைக் கழற்றியது என் தந்தை. கூட்டல் குறியின் நடுவில் ஒரு சிறு குமிழ். அதன்மேல் அது சாய்ந்தாடுகிறது. நான்கு முனைகளுக்கடியிலும் கரி பூசிய ரப்பர்த் துண்டுகள். வேறொன்றுமில்லை. அவர் நெடுநேரம் அதை விரலால் அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிட்டால் துடைத்து மூடியதும் மூன்று திசைகள் உயிர்பெற்றன. இடப்புற ரப்பர் தேய்ந்துவிட்டது. ஆலையிலிருந்து மெல்லிய தகடு கொண்டுவந்து ஒட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மரியோ ஆட்டத்தில் வலப்புறம் போனால் போதுமென்பதால் தங்கை அதற்காகக் காத்திருக்கவில்லை. நான்காவது கோட்டை வரை போய்விட்டாள்.