உங்க போனில் இருக்கிற 5:30-க்கு முன்னாடி ஒரு 5:21 இருந்தது! மெட்ராஸுக்கு மணி சொன்ன கோல்டிங்ஹாமின் கதை

ஈ.சி.ஆரில் புதுச்சேரிக்குப் பைக்கில் போயிருக்கீங்களா? மரக்காணம் நெருங்கும்போது சாலையோரத்தில் கண்ணாடி பதித்த மாதிரி பாத்தி பாத்தியாக உப்பளங்கள் வரும். வெள்ளைக் குவியல்களுக்கு முன்னாடி நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பிடுவோம். ஆனால், அந்தக் குவியலை வாரிச் சேர்த்தவர்கள் உங்களுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். வெயில் ஏறினால் உப்புத் தரையில் நிற்க முடியாது. அதனால் அவர்களின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும்.

அந்த அதிகாலை உழைப்பைப் பற்றி முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். காலை 6 மணிக்கு வெளியாகணும் என்று ஷெட்யூல் செய்துவிட்டுத் தூங்கிவிட்டேன். அது வெளியானது 11.30 மணிக்கு! காரணம் ரொம்பச் சின்னது. சர்வரின் கடிகாரம் யு.டி.சி-யில், அதாவது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன 6 மணியை அது அந்த 6 மணியாகவே எடுத்துக்கொண்டது. இடையில் ஐந்தரை மணி நேரம் காணாமல் போய்விட்டது.

அந்த ஐந்தரை மணி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் ஜான் கோல்டிங்ஹாம் என்ற மனிதர் கிடைத்தார். பெயர் புதுசாகத் தெரியலாம். ஆனால், அவர் கட்டிய ஒரு கட்டடத்தை நீங்கள் டி.வி-யில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எழும்பூரில் ஆரம்பித்த வானம்

கோல்டிங்ஹாம் பிறந்தது 1767-ல். இருபது வயதை ஒட்டி மெட்ராஸில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்திய கம்பெனி அதிகாரியிடம் உதவியாளராக இருந்தார். பெட்ரிக்கு வானியல் மேல் பைத்தியம். எழும்பூரில் தன் வீட்டிலேயே சொந்தமாக ஒரு வான் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்.

1790-ல் அந்த ஆய்வுக்கூடத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு நட்சத்திரங்கள் மேல் காதல் ஒன்றும் இல்லை. பிரச்னை கப்பல்கள். அப்போது மெட்ராஸில் ஒழுங்கான துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் நாம் எங்கே இருக்கிறோம், கரை எவ்வளவு தூரம் என்று தெரியாமல் வரும் கப்பல் சரக்கோடும் ஆட்களோடும் போய்விடும். வடக்கு, தெற்கு எவ்வளவு என்பதைச் சூரியனையும் நட்சத்திரங்களையும் வைத்துக் கணக்கிட்டுவிடலாம். கிழக்கு, மேற்கைக் கண்டுபிடிக்க நேரம் தெரியணும்.

1792-ல் நுங்கம்பாக்கத்தில், கூவம் ஆற்றின் அருகே புதிய ஆய்வுக்கூடம் எழுந்தது. அதைக் கட்டிய மைக்கேல் டாப்பிங் 1796-ல் இறந்துவிட, பொறுப்பு கோல்டிங்ஹாமிடம் வந்தது. அப்போது அவருக்கு 29 வயது. ஏறக்குறைய என் வயசு!

கருவிகள் அசையாமல் நிற்க அங்கே 18 அடி உயரத்தில் ஒரு கருங்கல் தூண் நட்டார்கள். அதில் லத்தீன், பாரசீகத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. மழைக்காலத்தில் லீவு விடுவார்களா என்று நீங்கள் செய்தி பார்த்துக் காத்திருக்கும் அதே வளாகம்தான்.

வியாழனைப் பார்த்து மணி கண்டுபிடித்தவர்

ஜி.பி.எஸ் இல்லை, தந்தி இல்லை. மெட்ராஸுக்கும் லண்டன் பக்கத்திலுள்ள கிரீன்விச்சுக்கும் இடையே எத்தனை மணி நேர வித்தியாசம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வியாழன் கிரகத்துக்கு நிலவுகள் உண்டு. அவை வியாழனின் நிழலுக்குள் நுழைந்து மறையும் நொடி, பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நொடிதான். அந்த நொடியில் மெட்ராஸில் மணி என்ன என்று குறித்துக்கொள்ளணும். அதே நொடிக்குக் கிரீன்விச்சில் மணி என்ன என்பதோடு ஒப்பிடணும். வித்தியாசம்தான் விடை. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகும். அதனால் நேரம் கிடைத்தால் தீர்க்கரேகையும் கிடைத்துவிடும்.

சொல்வது ஈஸி. ஆனால், மேகமில்லாத இரவு வேண்டும், பிசகாத கடிகாரம் வேண்டும், தூங்காத கண்கள் வேண்டும். கோல்டிங்ஹாமும் அவருடைய உள்ளூர் உதவியாளர்களும் வருஷக்கணக்கில் இதைச் செய்தார்கள். 1802-ல் விடை சொன்னார்: மெட்ராஸ், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருக்கிறது.

இன்று ஜி.பி.எஸ் வைத்து அதே நுங்கம்பாக்கம் இடத்துக்குக் கணக்குப் போட்டால் 5 மணி 20 நிமிடம் 59 விநாடி வரும். வித்தியாசம் 15 விநாடி, தரையில் சுமார் 7 கிலோமீட்டர். 200 வருஷத்துக்கு முன்பு, ஒரு தொலைநோக்கியையும் ஊசல் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு பாதி உலகம் தள்ளி இருக்கும் ஊரோடு போட்ட கணக்கு இது. அதே 1802-ல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கும் இந்த ஆய்வுக்கூடத்தின் தீர்க்கரேகைதான் தொடக்கப் புள்ளி.

இவரும் ஒரு மல்டி டாஸ்கர்

இன்ஜினீயரிங் படிக்கிறீங்களா? 1794-ல் 8 மாணவர்களோடு மெட்ராஸில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. டாப்பிங்குக்குப் பிறகு அதை நடத்தியது கோல்டிங்ஹாம்தான். அந்தப் பள்ளி வளர்ந்து வளர்ந்து இன்று கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது.

மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்த்துவிட்டு 1798-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடற்கரைக் கோயிலையும் பாறைச் சிற்பங்களையும் ஐரோப்பிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய ஆரம்பக்கட்ட எழுத்துகளில் அதுவும் ஒன்று. 1796 முதல் மெட்ராஸின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் பதிவு செய்தார். 1820-21-ல் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் தினமும் வெடிக்கும் பீரங்கிகளை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தார். வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வந்து சேரும்வரை விநாடிகளை எண்ணுவது, அவ்வளவுதான் டெக்னிக். வெப்பம் மாறினால் ஒலியின் வேகமும் மாறுகிறது என்பது அந்தக் கணக்கில் தெரிந்தது.

இப்போது அந்தக் கட்டடம். கவர்னர் எட்வர்டு கிளைவுக்காக ஒரு விருந்து மண்டபத்தை வடிவமைத்தார் கோல்டிங்ஹாம். 1802-ல் கட்டி முடித்தார்கள். கம்பெனியின் போர் வெற்றிகளைக் கொண்டாட எழுந்த மண்டபம் அது. இன்று அதன் பெயர் ராஜாஜி ஹால். எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி என்று தலைவர்கள் மறைந்தபோது லட்சக்கணக்கானவர்கள் படியேறி அஞ்சலி செலுத்திய அதே இடம்!

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. மண்டபம் எழுந்து மூன்றே வருஷத்தில், 1805-ல், மெட்ராஸ் மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது கம்பெனி. மரக்காணம் மாதிரி ஊர்களில் உப்பு எடுப்பவர்கள் அதை அரசுக்குத்தான் கொடுக்க முடியும் என்ற நிலை. 1930-ல் அந்த உப்புச் சட்டத்தை மீறத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார் ராஜாஜி. கம்பெனியின் மண்டபம் கடைசியில் அவர் பெயரில் நிற்கிறது.

சோழி வைத்துக் கணக்கு

கோல்டிங்ஹாம் பெரிய ஆள்தான். ஆனால், அவர் வருவதற்கு முன்பு இங்கே யாருக்கும் மணி தெரியாது என்று மட்டும் நினைச்சுடாதீங்க. நம் ஊரில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்ற கணக்கு பழக்கத்தில் இருந்தது.

1805-ல் கோல்டிங்ஹாம் விடுப்பில் போனபோது அவர் இடத்தில் இருந்தவர் ஜான் வாரன். இவர் பிற்பாடு தென்னிந்தியக் காலக் கணக்கைப் பற்றி 'கால சங்கலிதா' என்ற பெரிய நூலை 1825-ல் வெளியிட்டார். புதுச்சேரியில் அவர் சந்தித்த ஒரு பஞ்சாங்கக் கணிப்பாளர், காகிதம் இல்லாமல் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை சுமார் 4 நிமிடம்தான். முடிவு நேரத்தில் பிழை கூடியது உண்மை. ஆனாலும், மரக்காணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படியொரு கால்குலேட்டர் மூளை இருந்திருக்கிறது.

ரயில் ஏறிய மெட்ராஸ் நேரம்

1830-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய கோல்டிங்ஹாம் 1849-ல் வூஸ்டரில் இறந்தார். தன் கணக்கு என்னவாகப் போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை.

ரயில் வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பம்பாயில் ஒரு மணி, கல்கத்தாவில் இன்னொரு மணி, நடுவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். எந்த மணியை வைத்து ரயில் விடுவது? இரண்டுக்கும் நடுவே இருந்தது மெட்ராஸ். அங்கே ஆய்வுக்கூடமும் இருந்தது. 1870 வாக்கிலிருந்து மெட்ராஸ் நேரமே இந்திய ரயில்வேயின் நேரமானது. லாகூரில் ரயில் ஏறுபவரும் நுங்கம்பாக்கம் கடிகாரத்தைத்தான் நம்பணும்!

1906 ஜனவரி 1-ல் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து இந்தியத் திட்ட நேரம் வந்தது. 5:21, 5:30 ஆனது. மெட்ராஸ் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்னால் நகர்ந்தன, அவ்வளவுதான். கல்கத்தா 1948 வரை, பம்பாய் 1955 வரை தங்கள் நேரத்தை முழுசாக விடவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் டேலைட் சேவிங் இருந்தது. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் 15 வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி 6:30 ஆக்கினார்கள். அதன் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காரணம் மரக்காணத்தில் நின்றால் புரியும். இங்கே வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல்.

சர்வருக்குள் மெட்ராஸ்

சரி, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? ஐ.டி-யில் இருந்தால் எதுக்கு என்று தெரிந்திருக்கும். லினக்ஸ் சர்வரில் டைம்ஸோன் செட் பண்ணும்போது வெறும் எண் கொடுக்காமல் 'ஆசியா/கொல்கத்தா' என்று ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எண்ணுக்கு ஞாபகம் கிடையாது, பெயருக்கு உண்டு. எந்த வருஷம் எந்த நேரம் இருந்தது, டேலைட் சேவிங் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற வரலாறு முழுவதும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. ஆண்ட்ராய்டும் ஐபோனும் அதே பட்டியலைத்தான் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் மட்டும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

லண்டன் கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்க. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே இரவு 1 மணி நேரடியாக 2 மணியாகும். அன்றைக்கு 1.30-க்கு ஓட வேண்டிய வேலை ஓடாமலே போகலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு 1.30 இரண்டு தடவை வரும், வேலையும் இரண்டு தடவை ஓடலாம். சம்பளம் போடும் புரோகிராமாக இருந்தால் யோசிச்சுப் பாருங்க! அதனால் சர்வர் கடிகாரத்தை யு.டி.சி-யில் விட்டுவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுவதே பாதுகாப்பு. டைம்ஸோன் பட்டியலின் அப்டேட்களையும் தள்ளிப் போடாதீங்க. நான் மாட்டிக்கொண்டது யு.டி.சி-யால் இல்லை. நான் டைப் செய்த 6 மணி எந்த ஊர் 6 மணி என்று யாரும் அந்த சர்வருக்குச் சொல்லி வைக்கவில்லை.

இப்போது ஒரு சின்ன வேலை. ஏதாவது லினக்ஸ் மெஷினில் 'ஆசியா/கொல்கத்தா' டைம்ஸோனில் 1900 ஜனவரி 1-ம் தேதியைக் காட்டச் சொல்லுங்க. தேதிக்குப் பக்கத்தில் 'எம்.எம்.டி' என்று மூன்று எழுத்து வரும். மெட்ராஸ் மீன் டைம்! அதற்குப் பின்னால் இருக்கும் எண் 5:21:10. கோல்டிங்ஹாமின் கணக்கில் பின்னால் வந்தவர்கள் சில விநாடிகளைத் திருத்தியது. பெயர் கொல்கத்தாவுடையது என்றாலும் உள்ளே நம்ம மெட்ராஸ் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த தடவை மரக்காணத்தில் வண்டியை நிறுத்தும்போது நண்பகலில் நிழலைக் கவனியுங்க. உங்க போன் 12 காட்டும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. வருஷ சராசரியில் இன்னும் பத்து நிமிடம் ஆகும். உப்பளத்துக்காரர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் பார்க்கிற கடிகாரம் போனில் இல்லை.