சுவார்ட்ஸ் ஐயரின் அனுதின பரிசுத்தம்

திருவண்ணாமலையின் சரிவிலே விரூபாக்ஷ குகை என்றொரு குகை உண்டு. 1899 முதல் 1916 வரை ரமண மகரிஷி அங்கே தங்கியிருந்தார். அவருக்கு முன்னும் பின்னும், உலகத்தை ஒதுக்கித் தனிமையை நாடிய பலர் இம்மலையை வந்தடைந்துள்ளனர். ஆகவே பரிசுத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இவ்வூராருக்கு மலையும் குகையும் மௌனமும் மனத்தில் தோன்றுதல் இயல்பேயாம். கிறிஸ்தவராகிய நம்மிலும் பலர், பரிசுத்த ஜீவியம் குருமாருக்கே உரியது என்றும், கடைத்தெருவிலும் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் உழலும் நமக்கு அஃது எட்டாதது என்றும் எண்ணி அமைந்துவிடுகின்றோம்.

எனினும் இவ்வூருக்கு மேற்கே செங்கம் கணவாயிலிருந்து வரும் பாதை மற்றொரு நினைவை எழுப்புகின்றது. 1767-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மைசூர் ஐதர் அலியும் நிஜாமும் சேர்ந்து கம்பெனிச் சேனையோடு திருவண்ணாமலையருகே பொருதனர். 1780-ஆம் ஆண்டில் ஐதர் மீண்டும் பெருஞ்சேனையோடு அக்கணவாய் வழியே கர்நாடகச் சீமையில் இறங்கினார். வாக்குறுதிகள் காற்றிற் பறந்த காலம் அது. நவாபின் சொல்லைக் கம்பெனியார் நம்பவில்லை. கம்பெனியாரின் சொல்லை ஐதர் நம்பவில்லை. அரசரின் சொல்லைக் குடிகள் நம்பவில்லை. அக்காலத்தில் இவர்கள் அனைவரும் நம்பிய மனிதர் ஒருவர் இருந்தார். அவரே கிறிஸ்டியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர். அவர் குகையில் வாழ்ந்தவரல்லர். படைவீடுகளிலும் அரண்மனையிலும் பஞ்சத்தால் வாடிய வீதிகளிலும் வாழ்ந்தவர்.

ஐயர் 1726-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். மரணப் படுக்கையிலிருந்த தாய், இப்பிள்ளையைத் தேவ ஊழியத்திற்கு ஒப்புவிப்பதாகச் சொல்லி, அவ்வாறே வளர்க்கும்படி கணவரை வேண்டிக்கொண்டார். ஹாலே சர்வகலாசாலையிற் பயிலும் நாளில், தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சியில் ஈடுபட்டிருந்த சூல்ட்ஸ் ஐயருக்கு உதவியாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சுவேலை நிறைவேறவில்லை, கற்ற தமிழோ வீணாகவில்லை. தகப்பனார் சொத்தில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தாருக்கு விட்டுக்கொடுத்து, 1750-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியை வந்தடைந்தார். நான்கு திங்களுக்குள் சீகன்பால்கு ஐயர் கட்டிய ஆலயத்திலே தமிழிற் பிரசங்கம் செய்தார். பின்னர்ப் போர்த்துகேயம், இந்துஸ்தானி, பாரசீகம், மராத்தி ஆகிய மொழிகளையும் கற்றார்.

1762-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அங்கு அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கண்டோர் எழுதி வைத்துள்ளனர். பழைய கட்டடமொன்றில், கட்டிலும் தாமும் அடங்கத்தக்க ஓர் அறையே அவர் வாசஸ்தலம். இந்நாட்டு முறையிற் சமைத்த சோறும் காய்கறியுமே உணவு. கருஞ்சாயமிட்ட பருத்தித் துணியே உடை. விவாகம் செய்துகொண்டாரல்லர். காலையில் உபதேசிமாரைக் கூட்டி ஜெபம்பண்ணி ஊழியத்திற்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பியபின், அன்று நிகழ்ந்தவற்றைக் கேட்டு மீண்டும் ஜெபத்தோடு நாளை முடிப்பார். வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்துப் பிள்ளைகள் பலர் அநாதைகளானபோது, பட்டாளத்தாரிடம் பொருள் சேர்த்து அவர்களுக்குப் பள்ளியொன்று அமைத்தார். பட்டாளத்துக் குருவாகக் கிடைத்த சம்பளத்தைப் பணிக்கும் எளியோருக்குமே செலவிட்டார். 1766-இல் கோட்டையினுள் கிறிஸ்து ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இவ்வாறு ஆண்டுகள் பல சென்றன. பெருஞ்சோதனை வந்த நாளிலே அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டானது, ஒருவரும் பாராட்டாத இச்சிறு செயல்களின் பயனே என்க.

1779-ஆம் ஆண்டில் அச்சோதனை வந்தது. ஐதரின் கருத்தை அறிய விரும்பிய சென்னைக் கவர்னர், ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குத் தூது செல்லும்படி ஐயரை வேண்டினார். இக்கிறிஸ்தவர் தம்மை ஏமாற்றமாட்டார் என்று ஐதரும் நம்பியிருந்தார். அரசியற் காரியம் தம் ஊழியத்திற்கு இழுக்காகுமோ என்று ஐயர் தயங்கினார். போரைத் தவிர்க்கக் கூடுமாயின் அது தேவனுக்கு ஏற்றதே என்று துணிந்து புறப்பட்டார். அங்கு தங்கிய நாட்களில், ஐதரின் சேனையிலிருந்த ஐரோப்பியருக்குத் தடையின்றி ஆராதனை நடத்தினார். விடைபெறும்போது ஐதர் வழிச்செலவுக்கென 300 ரூபாய் அனுப்பினார். மறுத்தற்கு இயலாமையால் வாங்கி வந்த ஐயர், அதனைக் கம்பெனியாரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொல்ல, அப்பணத்தைத் தஞ்சாவூரிற் பள்ளியொன்றிற்கு மூலதனமாக்கினார். கம்பெனியார் தர முன்வந்த வெகுமதியையும் ஏற்காமல், தமக்கு அளித்த சம்பளத்தைத் திருச்சியிலிருந்த தம் தோழர் போலே ஐயருக்கும் அளிக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். கையூட்டு ஆறாய் ஓடிய அந்நாளில், பிறர் கொடுத்த பணத்திற்கு இத்துணைத் தெளிவாகக் கணக்குக் காட்டினார்.

தூது போரைத் தடுக்கவில்லை. மறு ஆண்டே ஐதரின் சேனை செங்கம் கணவாய் வழியே இறங்கிற்று. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. ஆயினும் ஐயரைத் தடையின்றிச் செல்லவிடும்படி ஐதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் தலைவிரித்தாடியது. வீதிகளிற் பிணங்கள் கிடந்தன. வெளியே கிராமங்களில் நெல் இருந்தும், அதனைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்னர் மாடுகளைப் பிடித்துச் சென்ற அதிகாரிகள் குடிகளுக்குக் கூலி கொடுக்கவில்லை. ஆதலால் அரசரின் ஆணைக்கும் அவர்கள் இசைந்திலர். அரசாங்கத்தார் அனைவரும் நம்பிக்கையை இழந்துவிட்டமையால், சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கையேனும் குடிகள் நம்புவார்களா என்று பார்க்கலாம் எனத் துளஜா மன்னர் அவரை வேண்டினார். கூலிக்குத் தாமே பிணை என்று ஐயர் சொல்லியனுப்பினார். சில நாட்களுக்குள் ஏறக்குறைய ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடியே ஐயர் ஒவ்வொருவருக்கும் கூலி கொடுத்தார். போருக்கு முன்னரே விலை மலிந்திருந்தபோது அவர் வாங்கிச் சேர்த்திருந்த நெல், மிஷனைச் சார்ந்தோரையும் ஏழை எளியோரையும் காத்தது.

போருக்குப்பின் அதிகாரிகளின் கொடுமையால் உழவர் பலர் நாட்டைவிட்டு ஓடினர். நீதி கிடைக்கும் என்று ஐயர் வாக்களித்தபின், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். விதைக்கும் பருவம் கடந்துபோயிருந்தும், அவர் பொருட்டு இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் முன்வந்தனர் என்று அறிகின்றோம்.

அவரும் குற்றங்குறைகள் உள்ள மனிதரே. 1787-ஆம் ஆண்டில் மரணத்தறுவாயிலிருந்த துளஜா மன்னர், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை ஐயரிடம் ஒப்புவிக்க விரும்பினார். அப்பெரும் பொறுப்புக்கு அஞ்சிய ஐயர், மன்னரின் சகோதரர் அமரசிங்கைப் பாதுகாவலராக்கும்படி ஆலோசனை கூறினார். பின்னர்ச் சுவீகாரம் செல்லாதென்று பண்டிதர் சிலர் கூற, கம்பெனியார் அமரசிங்கையே அரசராக்கினர். சிறுவன் கல்வியின்றி அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது. தம் ஆலோசனை இவ்விளைவுக்கு ஒரு காரணமாயிற்று என்பதை ஐயர் மறந்தாரல்லர். சிறுவனுக்காகக் கம்பெனியாருக்குப் பலமுறை எழுதினார், சாஸ்திரங்களை ஆராய்ந்து சுவீகாரம் செல்லும் என்பதைக் காட்ட முயன்றார், பாடங் கற்பித்தார், 1793-இல் அவனைச் சென்னைக்குப் பாதுகாப்பாக அனுப்பவும் துணைநின்றார். முதுமையிலும் ஏறக்குறையப் பத்தாண்டுகள் இதற்காக உழைத்தார். சபைக்குள் நிலவிய ஜாதி வேற்றுமையை அவர் கடுமையாகக் கண்டிக்காது விட்டார் என்பதும் பிற்காலத்தார் அவர்மேற் கண்ட குறையாகும். பரிசுத்தவான் என்றால் தவறே செய்யாதவன் என்று கொள்ளல் தகாது. தன் தவறு பிறருக்கு விளைத்த துன்பத்தைக் கண்டபோது, அதைத் தன் பாரமாக ஏற்றுச் சுமப்பவனும் பரிசுத்த வழியில் நடப்பவனே.

1798-ஆம் ஆண்டு பெப்ரவரி 13-இல் ஐயர் தஞ்சையிற் காலமானார். சரபோஜி வந்து, அவ்வுடலைக் கண்டு அழுது, பொன்னாடை போர்த்திக் கல்லறை வரை உடன் சென்றார். சில மாதங்களுக்குப்பின் அதே ஆண்டிற் சிங்காதனம் ஏறினார். அவர் கிறிஸ்தவராகவில்லை, தம் முன்னோர் மதத்திலேயே நிலைத்திருந்தார். எனினும் இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு, மரணப் படுக்கையிலுள்ள ஐயரைத் தாம் சந்திக்கும் காட்சியை வெண்சலவைக் கல்லிற் செதுக்குவித்துத் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் வைத்தார். ஐயரின் கல்லறைக்கு ஆங்கிலத்திற் செய்யுளும் தாமே இயற்றினார்.

மாணவ நண்பர்காள்! நம்மை அரசர்கள் தூது அனுப்பப் போவதில்லை. ஆயின், விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு நம் கையில் வருகின்றது. இரவல் வாங்கிய புத்தகம் நம் மேசையில் இருக்கின்றது. பரீட்சை மண்டபத்தில் அடுத்தவன் தாள் நம் கண்ணுக்கு எட்டுகின்றது. நாளைக்குத் தருகிறேன் என்று கூலியாளிடம் நாம் சொன்ன சொல் இன்னும் நிறைவேறாமல் நிற்கின்றது. தஞ்சைக் குடிகள் ஐயரின் பிரசங்கங்களை எண்ணி மாடுகளை ஓட்டி வந்தாரல்லர். அவர் கொடுப்பேன் என்றால் கொடுப்பார் என்று அறிந்தே வந்தனர். நம் வாக்கை நம்பி ஓர் ஏழை தன் மாட்டை அவிழ்த்து அனுப்புவானா? பரிசுத்தத்தை நாடுவோர் ஒவ்வொரு நாளும் உறங்கப்போகுமுன் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.