மூட்டை சுமந்த பத்திரிகை ஆசிரியர்

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் புடவை வியாபாரியாக மாறினார். துணி மூட்டையைச் சுமந்து கொண்டு தேயிலை மலை ஏறினார். துணி விற்பதுபோல் போனாலும், அவர் போன காரியம் வேறு.

அவர்தான் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் "வர்த்தகமித்திரன்" என்ற பத்திரிகையை நடத்தியவர். இலங்கைத் தோட்டங்களில் பாடுபட்ட தமிழ்க் கூலிகளுக்காகப் பின்னாளில் தொழிற்சங்கம் கண்டவர்.

பிழைக்கப் போன மக்கள்

19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இலங்கை மலைகளில் காட்டை அழித்துக் காப்பி பயிரிட்டார்கள். காப்பிச் செடி நோய் கண்டு அழிந்தது. பிறகு தேயிலை வைத்தார்கள். அதற்கு ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

தமிழ்நாட்டிலோ பஞ்சம். தஞ்சை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் முதலிய ஜில்லாக்களில் ஏழைகள் கஞ்சிக்குத் தவித்தார்கள். கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார்கள். கையில் முன்பணம் கொடுத்தார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கண்டிச் சீமைக்குப் புறப்பட்டார்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியும் இந்தத் துயரத்தைக் கண்ட ஊர்தான். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய ஏழைகள் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். உப்பளத்து மக்கள் இன்று பார்க்கும் இதே கடல்தான் அவர்களைக் கொண்டு போயிற்று. அவர்களில் மிகப் பலர் ஊர் திரும்பவே இல்லை.

கடன் என்ற விலங்கு

இலங்கைக்குப் போனவர்களுக்கு முதல் நாளே கடன் காத்திருந்தது. வழிச் செலவு, சாப்பாட்டுச் செலவு, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் கணக்கில் ஏறின. தோட்டத்தில் கொடுத்த அரிசிக்கும் கூலியில் பிடித்தம் செய்தார்கள்.

வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் "துண்டு" வேண்டும். துண்டு என்பது ஒரு சீட்டு. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடலாம் என்று பழைய துரை அதில் எழுதிக் கொடுப்பார். புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்வார். கடன் தீராது. கடன்காரர் மட்டும் மாறுவார். சந்தையில் மாடு கைமாறுவது போல மனிதர்கள் கைமாறினார்கள்!

குடியிருக்க லயம் என்ற நீண்ட கட்டடம். அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்ன அறை. சமையலும் படுக்கையும் பிரசவமும் அந்த அறைக்குள்ளேதான். விடியுமுன் தப்பு முழங்கும். உடனே பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும்.

வேஷம் போட்டார்

முதல் உலக யுத்த காலத்தில் நடேசய்யர் இலங்கைக்குப் போனார். தோட்டத்து மக்களை நேரில் காண ஆசைப்பட்டார். ஆனால் வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. மீறினால் அத்துமீறல் குற்றம் என்று வழக்கு வரும். புடவை வியாபாரிகளுக்கு மட்டும் தடை இல்லை.

ஆகவேதான் அந்தத் துணி மூட்டை! லயம் லயமாகப் போனார். புடவையை விரித்துக் காட்டினார். பெண்கள் கூடினார்கள். விலை பேசும் சாக்கில் கூலி, கடன், நோய், அடி உதை எல்லாவற்றையும் கேட்டறிந்தார். அதன்பின் அவர் மனம் தஞ்சாவூரில் நிலைக்கவில்லை.

பேனாவும் சட்டமும்

இலங்கையிலேயே குடியேறினார். 1921-ல் "தேசநேசன்" பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். பின்னர் "தேசபக்தன்" நடத்தினார். துண்டு முறை அதே 1921-ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் தனக்கு என்ன உரிமை உண்டு என்பது கூலிக்குத் தெரியாது. சட்டம் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

நடேசய்யர் அதைப் புரிந்து கொண்டார். தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் புத்தகமாக எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும். அவர் படிக்க, பத்துப் பேர் கேட்கலாம்.

கொழும்பில் சிங்களத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவுடன் சேர்ந்து தொழிற்சங்கத்தில் உழைத்தார். சட்டசபையிலும் இடம் பெற்றுத் தோட்டத்து மக்களுக்காக வாதாடினார். 1927-ல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. தேயிலை விலை விழுந்தது. தோட்டக்காரர்கள் கூலியைக் குறைத்தார்கள். நடேசய்யர் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

1931-ல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கென்றே ஏற்பட்ட முதல் சங்கம் இதுதான். துரைமார் சும்மா இருப்பார்களா? சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலை போயிற்று. ஆனாலும் ஹட்டன் தொகுதி மக்கள் 1936-ல் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

பாடிய மனைவி

அவர் மனைவி மீனாட்சி அம்மையும் போராட்டத்தில் இறங்கினார். மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டினார். கூட்டங்களில் பாடினார். படிக்கத் தெரியாத பெண்கள் அந்தப் பாட்டைக் கேட்டே விஷயத்தைத் தெரிந்து கொண்டார்கள். 1940-ல் அவர் பாடல்கள் புத்தகமாகவும் வெளிவந்தன.

மறைந்த பின்

அதே சமயத்தில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றி, பெரிய தொழிற்சங்கத்தை வளர்த்தது. நடேசய்யரின் சங்கம் தேய்ந்தது. அவர் நட்ட செடிக்கு வேறு தோட்டக்காரர்கள் தண்ணீர் வார்த்தார்கள். 1947-ல் அவர் காலமானார்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. சுதந்திர இலங்கையின் 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் ஓட்டும் போயிற்று. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் உடன்பாடு செய்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு கட்டினார்கள். பிறகும் மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ல் இலங்கைச் சட்டம் வழி திறந்தது.

இன்றும் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் உண்டு. தமிழர் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். வடநாட்டார் இங்கே கட்டட வேலைக்கு வருகிறார்கள். முன்பணம் தருகிறவர் உண்டு. மொழி தெரியாத தவிப்பும் உண்டு. கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, தங்கும் இடம் எப்படி, நோய் வந்தால் யார் பார்ப்பது என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். நடேசய்யர் புடவையை விரித்து வைத்துக்கொண்டு லயத்து மக்களிடம் கேட்டறிந்ததும் இவற்றைத்தான்.