பண்டிதர் க. அயோத்திதாசர்: முன்னோர் வரலாற்றைத் தேடிய பெரியார்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஆதிதிராவிடர் என்று எழுதும்போது, மாணவன் ஒருவன் ஆதி என்பதன் பொருள் யாதென என்னிடம் ஒருமுறை வினவினான். முதற்குடி என்று விடையிறுத்தேன். அதற்குச் சான்று என்ன என்று மீண்டும் கேட்டான். அவ்வினாவை நூறாண்டுகளுக்கு முன்னரே தமக்குள் எழுப்பி, வாழ்நாள் முழுதும் விடை தேடிய ஒருவர் இராயப்பேட்டையில் வாழ்ந்தார். அவரே பண்டிதர் அயோத்திதாசர்.

பண்டிதர் 1845 மே 20 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஆசானுக்கு இதனினும் பெரிய காணிக்கை உண்டோ?

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராகப் பணியாற்றியவர். அடுக்களைப் பணியாளர் இல்லத்தில் ஏட்டுச்சுவடிகள் இருந்தன! தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டைக் கந்தப்பன் துரையிடம் அளித்தார் என்றும், அது சென்னைக் கலெக்டராயிருந்த எல்லீஸ் துரையின் கைக்குச் சென்றது என்றும் பண்டிதரே எழுதியுள்ளார். கல்வியற்றோர் என்று ஊரார் ஒதுக்கிய குடும்பத்தில் குறள் ஏடு வழிவழியாகக் காக்கப்பட்டிருந்தது எவ்வாறு? பண்டிதரின் ஆராய்ச்சி அனைத்தும் இவ்வினாவிலிருந்தே முளைத்தது என்பது என் கருத்து.

எங்கள் வீட்டிலும் பரணில் ஓர் ஏட்டுக்கட்டு இருந்ததாம். அது வைத்திய ஏடு என்பார் என் பாட்டியார். ஒரு போகியன்று பழம்பாயோடு சேர்ந்து அதுவும் எரிந்துபோயிற்று. எரித்தவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரை நோவது?

பண்டிதரின் இளமை நீலகிரியில் கழிந்தது. அங்கு 1876 இல் அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891 டிசம்பரில் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நடத்தினார். மறு ஆண்டு, சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபை கூடியபோது, நீலகிரிப் பிரதிநிதியாக வந்து, ஒடுக்கப்பட்டோர்க்கு ஆலயங்களில் நுழைய உரிமை வேண்டினார். அவையிலிருந்த ஒருவர் எழுந்து, உங்களுக்கென மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கச் சிவனும் திருமாலும் எதற்கு என்ற பொருள்பட மறுத்துரைத்தார். அப்படியாயின் அத்தெய்வங்களே எங்களுக்கு வேண்டா என்று பண்டிதர் மொழிந்தார். அந்த அவமதிப்பு அவருள் ஆறாது நின்றது.

இக்காலத்திலேதான் அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894 இல் ஒடுக்கப்பட்ட சிறார்க்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. 1898 இல் பண்டிதரும் கிருஷ்ணசாமி என்னும் ஆசிரியரும் ஆல்காட்டைக் கண்டு, தம் முன்னோர் பௌத்தரே என்றுரைத்து, அவருடன் இலங்கை சென்றனர். கொழும்பில் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றனர். திரும்பியபின் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று. துணை சென்றவர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் என்னும் வார ஏடு வெளிவந்தது. விலையே அதன் பெயர். ஓராண்டுக்குப் பின் அது தமிழன் எனப்பட்டது. பகலில் நாடி பார்த்து மருந்தளித்த சித்த மருத்துவரே இதன் ஆசிரியர். இவ்வேட்டில்தான் இந்திரர் தேச சரித்திரம் தொடராக வந்தது. ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர். அவர் பெயரால் அமைந்ததே இந்நாடு. அவ்வறத்தைக் கைவிடாதவர்களே பின்னர்த் தாழ்த்தப்பட்டனர் என்பது அதன் சாரம். பறையர் என்பதற்கும், பறைந்தவர், அதாவது உண்மையை எடுத்துச் சொன்னவர் என்றே பொருள் கண்டார்.

இங்கு இளைஞர்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். பண்டிதரின் சொல்லாராய்ச்சி யாவற்றையும் இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. அவர் கூறிய வரலாற்றிற் சில பகுதிகள் கல்வெட்டால் நிறுவப்பட்டவை அல்ல. செவிவழிக் கதைகளையும் பழஞ்சுவடிகளையும் இணைத்து அவர் கட்டியவை. புனைவும் வரலாறும் அவற்றிற் கலந்துள்ளன. ஆயினும், நம்மை இழிந்தோர் என்ற புராணங்கள் மட்டும் எந்தக் கல்வெட்டைக் காட்டின? பிறர் எழுதிய கதைக்கு எதிராக நம் தரப்பையும் எழுத்தில் ஏற்றியதே அவர் செய்த அருஞ்செயல். அதனைப் போற்றுதல் ஒன்று, ஆராயாது நம்புதல் வேறு. நான் முன்னதையே வேண்டுவேன்.

சாதிபேதமற்ற திராவிடர் என்று நம்மைக் குறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் ஆதிதிராவிடர் என்னும் பெயரே, எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால், 1922 இல் அரசாணையில் இடம்பெற்றது. அதைக் காணப் பண்டிதர் இல்லை. 1914 மே 5 அன்று அவர் மறைந்துவிட்டார்.

அவர் நூல்களை அழியாது காத்தவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் உழைத்த நம் மக்களிடையே அவருடைய சங்கம் வேரூன்றியிருந்தது. அங்குச் சித்தார்த்தா புத்தகசாலையார் அவர் நூல்களை மீண்டும் மீண்டும் அச்சிட்டனர். பழைய தமிழன் இதழ்களைத் தேடித் திரட்டி, ஞான. அலாய்சியஸ் 1999 முதல் தொகுதிகளாக வெளியிட்டார். அத்தொகுதிகளைப் பள்ளி நூலகத்தில் வைத்துள்ளேன். ஆதிக்குச் சான்று கேட்ட மாணவன்தான் முதல் தொகுதியை முதன்முதலில் எடுத்துச் சென்றான். நான்கு வாரம் ஆகியும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.